நல்ல நேரத்தில் ஸ்டார்ட் ஆகாத பி.எம்.டபிள்யூ

டர்போ போட்ட வண்டியை முதன்முதலாக ஸ்டார்ட் பண்ணும்போது கூடியிருக்கிறவர்கள் எல்லாரும் சைலன்சர் பக்கமாகப் போய் நிற்பார்கள். நெருப்புக் கக்குமா, இடி இடிக்குமா என்று காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். நான் மட்டும் முன்பக்கம் குனிந்து எண்ணெய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் கை பட்ட டர்போ ஒன்றுகூட வெந்து போனதில்லை என்றால் அதற்குக் காரணம் இந்தக் குனிதல்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என்னைத் தெரியாத புதுப் பிள்ளைகளுக்காக இரண்டு வரி. ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் எனக்கு மெக்கானிக் ஷெட் இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கார் வைத்திருந்து என்னைத் தெரியாது என்று சொன்னவன் எவனும் இல்லை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் நான் நைனா. படிப்பு ஏழாவதோடு சரி. கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவருடைய ஸ்கூட்டருக்கும் எனக்கும் ஒத்துப்போனது. அப்படி ஆரம்பித்த தொழில். முழங்கால் தேய்ந்த பிறகு ஷெட்டை மகனிடம் விட்டேன். அவன் அதை வாட்டர் வாஷ் பண்ணுகிற இடமாக்கிவிட்டான். கூட்டம் நன்றாகத்தான் வருகிறது. அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.

எஞ்சினை எப்படி இறக்குவது, கிளட்ச்சை எப்படி மாற்றுவது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே வீடியோவாக இருக்கிறது. வீடியோவில் இல்லாத ஒன்று உண்டு. சுற்றிலும் இருபது பேர் நின்றுகொண்டு சீக்கிரம், சீக்கிரம் என்று பறக்கும்போது நம் கை எப்படி நிதானமாக நிற்க வேண்டும் என்பது. அதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வண்டி போதும். அதுவும் நான் ரிட்டயர் ஆன பிறகு வந்த வண்டி.

புதுப்பேட்டையில் பழைய கார்களை வாங்கிப் பிரித்து விற்கிற தனா என்று ஒருவன். ஒரு நாள் போன் பண்ணினான்.

"நைனா, மந்தைவெளில ஒரு பொண்ணு கீது. பி.எம்.டபிள்யூவுக்கு வீட்லயே டர்போ மாட்டப் போறேன்னு சொல்லுது. எங்கிட்ட சாமான் கேட்டு வந்துச்சு. பைத்தியமா, இல்ல மெய்யாலுமே விசயம் தெரிஞ்சதான்னு எனக்குப் புரியல. நீ ஒரு தபா பாத்துட்டு வாயேன்."

போனேன். வீட்டுப் போர்டிகோவில் கண்ணாடி ஜன்னல் வரைக்கும் தூசி அடைந்த பழைய '3 சீரிஸ்' பி.எம்.டபிள்யூ கார். ஆறு சிலிண்டர். கார் வாங்கிய முதல் முதலாளிக்கு இப்போது பேரன் பிறந்திருப்பான், அவ்வளவு பழசு. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முப்பது வயசுப் பெண் ஒருத்தி உள்ளே தலையை விட்டிருந்தாள். பெயர் செல்வி. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு, தி. நகரில் அப்பாவின் எவர்சில்வர் பாத்திரக் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறவள்.

"இன்னாம்மா, எதுக்கு டர்போ? இதுவே நல்லா ஓடுற வண்டியாச்சே" என்று கேட்டேன்.

"ரோட்ல ஓட்றதுக்கு இல்ல நைனா. ரேஸ் ட்ராக்ல ஓட்டணும். இந்த எஞ்சின் தாங்கும். நான் கணக்குப் போட்டுட்டேன்."

"கணக்குப் போட்டா வண்டி ஓடுமா?"

"கணக்குப் போடாம ஓட்டுனா எவ்ளோ தூரம் ஓடும்?"

அந்தப் பதிலுக்காகவே வேலையை ஒப்புக்கொண்டேன்.

டர்போ என்றால் என்ன என்று இன்னும் தெரியாதவர்கள் இருந்தால் வெட்கப்பட வேண்டாம், கேளுங்கள். எஞ்சின் எரித்துத் தள்ளுகிற சூட்டுக் காற்று சும்மா வெளியே போகிறது அல்லவா? அதை வழிமறித்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறோம். அதே தண்டில் மறுபக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், பலமும் கூடும். பம்பரம் எல்லாம் அதன் பக்கத்திலேயே வர முடியாது, அந்தச் சுற்று சுற்றும். அந்தத் தண்டு இரும்பின் மேல் சுற்றவில்லை. எண்ணெயின் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது. எண்ணெய் நின்றால் தண்டு கதை முடிந்தது. உடைகிற துண்டு எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் கதையும் முடிந்தது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் மெக்கானிக்கே இல்லை, ஒரு லாரி டிரைவர். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பீடியைப் பற்ற வைப்பார். பீடி முடிகிற வரைக்கும் ஆக்ஸிலேட்டரில் கால் வைக்க மாட்டார். "எண்ணெய் ஏறட்டும்டா, எங்க ஓடிப் போவுது ரோடு" என்பார். மற்ற லாரிகளின் டர்போவெல்லாம் மாறி மாறி என் ஷெட்டுக்கு வரும். அவருடைய லாரி டீ குடிக்க மட்டும்தான் வரும். பீடியை விட்டுவிடுங்கள், பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்வியின் அப்பாவை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சின்ன வயசில் தி. நகருக்கு வந்து, சாக்கு விரித்துக் கரண்டி விற்று, இன்றைக்கு மூன்று மாடிக் கடை வைத்திருப்பவர். என்னை மாதிரியே தானாக வளர்ந்த ஆள். அதனால் என்னை மாதிரியே பிடிவாதம். அந்தக் காரை அவர் பார்க்கவே மாட்டார். போர்டிகோவைக் கடக்கும்போது முகத்தை மல்லிகைப் பந்தல் பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார். அவருடைய சொந்தக் கார் தெருவில் காக்கை எச்சத்தில் நனைந்துகொண்டு நின்றது. இருக்காதா கோபம்?

"பாத்திரக் கடைக்காரன் மவ பந்தயக் கார் ஓட்டுதான்னா ஊர்ல என்ன சொல்லுவாவ?" என்று என்னிடமே கேட்டார்.

"நல்லா ஓட்டுதான்னு சொல்லுவாங்க அண்ணாச்சி" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னைக் கண்டாலும் மல்லிகைப் பந்தல் பக்கம்தான் திரும்பினார்.

வேலை நடந்தது. ஞாயிற்றுக்கிழமையும், கடை திறப்பதற்கு முந்தின காலை நேரமும்தான் செல்விக்குக் கிடைக்கும். வெல்டிங் அவளே வைப்பாள். முதலில் பார்க்கச் சகிக்காது. போகப் போக, என் வெல்டிங்குக்குப் பக்கத்தில் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. எவ்வளவு காற்றைத் திணிப்பது என்பதில் மட்டும் எங்களுக்குச் சண்டை. நான் தாராளமாகத் திணிக்கலாம் என்றேன். அவள், எஞ்சின் பழசு, நம்மூர் வெயில் வேறு, கொஞ்சமாகத்தான் திணிக்க வேண்டும் என்றாள். லேப்டாப்பைத் திருப்பி எனக்குக் கோடு கோடாகக் காட்டினாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அந்த ஒரு தடவை நான் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைதான்.

ஒரு ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அன்று காலைதான் டர்போவுக்கு எண்ணெய்க் குழாயை இணைக்கிற போல்ட் வந்திருந்தது. சுண்டுவிரல் நீளம். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை வழியாகத்தான் டர்போவுக்கு எண்ணெய் போக வேண்டும். செல்வி அதை அம்மாவிடம் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, இவ்ளோ பெரிய வண்டிக்கு இந்தக் குட்டி போல்ட்தான் உயிர். இது பழுதானா எல்லாம் போச்சு."

அண்ணாச்சி டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "சோத்துத் தட்டுப் பக்கத்துல இரும்பு என்னத்துக்கு? எடுத்து உள்ள வையி" என்றார். அவளும் அதைத் துடைத்து, அவர்கள் கடைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, போர்டிகோ அலமாரியில் வைத்தாள். ரசம் பிரமாதமாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது, போனது. ஐப்பசி மழையில் போர்டிகோவுக்குள் தண்ணீர் வந்து ஒரு வாரம் வேலை நின்றது. பிறகு எல்லாவற்றையும் மாட்டி முடித்தோம். ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதான் பாக்கி என்கிற நிலையில்தான் அண்ணாச்சி வாயைத் திறந்தார். செல்வியைக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்.

"ரெண்டு வருசமா பொறுத்துட்டேன். வார வெள்ளிக்கெழமை நல்ல நேரம் ஒம்பதே காலுலருந்து பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள இந்த வண்டி உறுமுச்சுன்னா நீ ட்ராக்குக்கோ எங்கயோ போ, நான் கேக்க மாட்டேன். உறுமலன்னா, புதுப்பேட்டக்காரன் வந்து தூக்கிட்டுப் போவான். நீ முழுசா கடையில வந்து உக்காரணும். சம்மதமா?"

"சம்மதம்ப்பா" என்றாள். கையில் இருந்த துணியை முறுக்கு பிழிவது மாதிரி பிழிந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது தெருவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. கடை ஊழியர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பானட்டின் மேல் மாலை. நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தயார். செல்வியின் அம்மா கற்பூரத் தட்டோடு நின்றார். அதற்கு அந்தப் பக்கம், தெருவில், காரைத் தூக்கிப் போகிற இழுவை வண்டியும் தயார். அதன் படியில் உட்கார்ந்து தனா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, ஸ்டார்ட் ஆவுமா? மத்தியானம் எனக்கு வேற ஒரு வண்டி கீது, சட்டுனு சொல்லிட்டா நல்லாருக்கும்."

"டேய், நீதானே என்னை இங்க அனுப்புன?"

"ஆமா. அதுக்காக வர்ற வண்டிய வேணாம்னு சொல்ல முடியுமா? அண்ணாச்சி கூப்ட்டாரு, வந்துகினேன்."

இதுதான் நம் தொழிலில் நட்பு. பழகிக்கொள்ளுங்கள்.

பூஜை முடிந்தது. செல்வி சீட்டில் உட்கார்ந்தாள். நான் பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டேன். பெட்ரோல் இல்லாமல் சாவியைத் திருகினால் எஞ்சின் எரியாது, சும்மா சுற்றும். சுற்றுகிற சுற்றில் எண்ணெய் மட்டும் மேலே ஏறும். டர்போவின் அடியில் எண்ணெய் திரும்பி வருகிற குழாயைக் கழற்றி, கீழே ஒரு டம்ளரைப் பிடித்தேன்.

"சுத்தும்மா."

கர்ர்ர் என்று சுற்றினாள். டம்ளரில் ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை. ஒன்றும் இல்லை. ஊழியர்களுக்கு இது என்ன தெரியும்? வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று நினைத்துக்கொண்டு உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் சைலன்சர் பக்கமாகப் போய்த் தட்டிப் பார்த்தார்.

மூன்றாவது தடவையும் டம்ளர் கழுவி வைத்த மாதிரியே இருந்தது.

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன மெக்கானிக்கே, என்ன செய்யுதீரு? பத்து ஆவப் போவுது."

"எண்ணெய் வரல அண்ணாச்சி. வந்ததும் ஸ்டார்ட்."

"எண்ணெய் நேத்தே ஊத்தியாச்சுன்னு சொன்னாளே?"

"ஊத்துனது வேற, வந்து சேர்றது வேற."

செல்வி இறங்கி வந்து என் பக்கத்தில் குனிந்தாள். யாருக்கும் கேட்காமல் பேசினாள். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

"நைனா, ஃப்யூஸைப் போட்டுட்டு ஒரே ஒரு செகண்டு ஸ்டார்ட் பண்ணி உடனே நிறுத்திடறேன். ஒரு உறுமல் போதும். அப்பா சொன்னது உறுமணும்னுதானே? அப்புறம் சாவகாசமா என்ன கோளாறுன்னு பாக்கலாம்."

அவள் முட்டாள் இல்லை. எண்ணெய் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணினால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்தவள். ஒரு நொடியில் ஒன்றும் ஆகாமல் தப்பிக்கவும் கூடும். தப்பித்தால் ட்ராக். தப்பிக்காவிட்டால் டர்போவைக் கழற்றிக் குப்பையில் போட வேண்டும், எஞ்சினும் கூடப் போகலாம். ஆனால் அப்பாவின் நிபந்தனை நிறைவேறியிருக்கும். ஸ்டார்ட் பண்ணாமலே இருந்தால் இழுவை வண்டி நிச்சயம். அவள் நிலைமையில் யாராக இருந்தாலும் அந்த ஒரு நொடியைத்தான் கேட்பார்கள்.

பைக்குள் ஃப்யூஸ் என் விரலில் பட்டது. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். இருபது பேர் பார்க்கிறார்கள். நைனா தொட்டும் வண்டி ஓடவில்லை என்று தனா புதுப்பேட்டை முழுக்கச் சொல்லுவான். என் பேர் என்னாவது?

ஆனால் பாருங்கள், பேரைப் பற்றி யோசிக்கிற நேரத்தில் கை தப்பு பண்ணும். அது எனக்குத் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இப்போது அவசரம் யாருக்கு? வண்டிக்கு அவசரம் இருந்தால் ஓடிப்போய்ச் செய். தீப்பிடித்தால் ஓடு, பிரேக் போனால் ஓடு. மனுஷனுக்கு அவசரம் என்றால், வண்டியைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அன்றைக்கு வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. அதற்கு ராகு காலமும் தெரியாது, எமகண்டமும் தெரியாது.

"முடியாதும்மா" என்றேன். "உங்கப்பா வண்டிய தூக்கினு போனா, நல்ல வண்டியாத் தூக்கினு போகட்டும். பிரிச்சு வித்தாலும் எஞ்சினாவது வேற எவன் வண்டியிலயாவது ஓடும். கருக்கி அனுப்ப மாட்டேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் தலையை ஆட்டினாள். போய் சீட்டில் உட்கார்ந்து, "எங்க அடைச்சிருக்குன்னு பாருங்க. பிரஷர் மீட்டர்ல முள்ளு ஏறுது, பம்ப் நல்லா இருக்கு" என்றாள். அந்த நேரத்திலும் மீட்டரைப் பார்த்திருக்கிறாள் பாருங்கள். அதுதான் மெக்கானிக்.

பம்ப் நன்றாக இருக்கிறது, எண்ணெய் வரவில்லை. அப்படியென்றால் நடுவில்தான் அடைப்பு. டர்போவுக்குப் போகிற குழாயை எஞ்சின் பக்கம் தளர்த்திச் சுற்றச் சொன்னேன். எண்ணெய் பீய்ச்சி என் சட்டையெல்லாம் அபிஷேகம். அப்படியானால் கோளாறு மறுமுனையில். அங்கே இருப்பது ஒன்றே ஒன்று: நடுவில் துளையுள்ள அந்தப் போல்ட். புதுசு. பெட்டியிலிருந்து எடுத்து, டப்பாவில் மூடி வைத்து, நேராக மாட்டியது. புதுசை யார் ஊதிப் பார்ப்பார்கள்? நான் அன்றுமுதல் பார்க்கிறேன். நீங்களும் எதை மாட்டினாலும் முதலில் வாயில் வைத்து ஊதுங்கள்.

போல்ட்டைக் கழற்றி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். துளை வழியாக வெளிச்சம் தெரியவில்லை. உள்ளே ஏதோ கெட்டியாக, மஞ்சளாக. ஊக்கால் கிளறி முகர்ந்தேன்.

சந்தனம். அதன் நுனியில் குங்குமம்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிகளுக்கும் செல்வியின் அம்மா பொட்டு வைத்தது உண்மை. நம் ஊரில் பூஜை முடிந்த பிறகு பொட்டு இல்லாத ஸ்பேனரைப் பார்த்தால்தான் ஆச்சரியம். அதனால் போல்ட்டின் தலையில் பொட்டு இருந்திருந்தாலும், மாட்டும்போது துடைத்துவிட்டு நாங்கள் அடுத்ததைப் பார்த்திருப்போம். ஆனால் இது வெளியே தரையில் கிடந்த சாமான் இல்லையே. அலமாரியில், டப்பாவில், மூடி போட்டு இருந்தது. தேடித் திறந்து, நடுத் துளையில் அழுத்தி யாரோ வைத்திருக்கிறார்கள். இத்தனை சாமான்களுக்கு நடுவில் இந்த ஒன்றுதான் உயிர் என்று தெரிந்தவர்கள் யார்? அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நாலு பேர். நான் வைக்கவில்லை. செல்வி வைத்திருந்தால் அவளுக்கே தெரியும். அவள் அம்மா, கற்பூரத் தட்டோடு நின்று, "என்ன நைனா அடைப்பு?" என்று வெகுளியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். எஞ்சினுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி. என் கையிலிருந்த போல்ட்டைப் பார்த்தார். ஊக்கின் நுனியில் இருந்த மஞ்சளைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. மூன்று மாடிக் கடைக்காரர், வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றார்.

காரின் பக்கம் திரும்பியே பார்க்காத மனிதர், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, மகள் உயிர் என்று சொன்ன இடத்தைத் தேடிப் பிடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் கையை மூடிக்கொண்டேன்.

"நைனா, உள்ள என்ன இருந்துச்சு?" செல்வி சீட்டிலிருந்தே கத்தினாள்.

"தூசிம்மா. கொஞ்சம் தூசி. அஞ்சு நிமிசத்துல சுத்தம் பண்ணிடறேன்."

பிள்ளைகளே, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியைப் பற்றிக் கஸ்டமரிடம் எதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பானட்டுக்குள் சில சமயம் வீட்டு விஷயமும் கிடக்கும். அதைத் துடைத்துவிட்டு, சொல்ல வேண்டியவரே சொல்லட்டும் என்று விட்டுவிட வேண்டும். அவர் சொல்லவும் சொன்னார். இன்றைக்கும் தி. நகர் கடையில் குக்கர் வாங்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, "எம் மவ வண்டியவே நான் நிறுத்திப்புட்டேன், கேட்டியளா" என்று சொல்லிச் சிரிக்கிறார். அதனால்தான் நானும் தைரியமாக எழுதுகிறேன்.

ஊக்காலும் பெட்ரோலாலும் துளையைச் சுத்தம் பண்ணி, வாயில் வைத்து ஊதி, வெளிச்சம் பார்த்து மாட்டினேன். சுற்றச் சொன்னேன். முதலில் ஒரு குமிழி. பிறகு ஒரு சொட்டு. பிறகு நூல் பிடித்த மாதிரி எண்ணெய், தேன் நிறத்தில், டம்ளர் நிறைய. குழாயை மாட்டி முடுக்கிவிட்டு நிமிர்ந்தால், கடை ஊழியர்கள் எல்லாரும் இழுவை வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தனா கையைக் கழுவிவிட்டு இழுவை வண்டியின் கொக்கியை எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, பத்தரை தாண்டிடுச்சு" என்றார் செல்வியின் அம்மா. "ராகு காலம். இப்ப வேண்டாம்."

அண்ணாச்சி ராகு காலத்தில் கடையில் முதல் பில்கூடப் போட விடமாட்டார். வாசலில் வாடிக்கையாளர் நின்றாலும் காபி கொடுத்து உட்கார வைப்பாரே தவிர, பாத்திரத்தைத் தொட விடமாட்டார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். செல்வி பார்க்கவில்லை. ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு சொன்னது?" என்றார். "எங் கடியாரத்துல பத்தே காலு ஆவ இன்னும் ரெண்டு நிமிசம் கெடக்கு."

"அதெப்படிங்க, இங்க பாருங்க என் போன்ல..."

"ஒம் போனு வேகமா ஓடுது. ஏட்டி செல்வி, என்ன தூங்குத? ஸ்டார்ட்டப் பண்ணு!"

ஃப்யூஸைச் செருகினேன். அவள் சாவியைத் திருகினாள். முதலில் ஒரு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. ஐயோ, அந்தச் சத்தம்! தெரு நாய்கள் தெருமுனையைத் தாண்டி ஓடின. எதிர் வீட்டு மாடியில் காயப்போட்ட வேட்டி ஆடியது. ஊழியர்கள் விசில் அடித்தார்கள். யாரோ பூசணிக்காயை அவசரத்தில் தனாவின் காலுக்குப் பக்கத்தில் போட்டு உடைத்தார்கள். அவன் துள்ளிக் குதித்து, கெட்ட வார்த்தை சொல்லி, அப்புறம் அவனும் கை தட்டினான். நான் ஆக்ஸிலேட்டரைத் தொடாதே என்று விரலை ஆட்டினேன். அவளுக்கா தெரியாது? எண்ணெய் சூடாகும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் தண்ணீர் வழிய, சிரித்தபடி.

ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் ட்ராக்கில், காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்கிற நாள் ஒன்று உண்டு. தை மாதம் அப்படி ஒரு நாளில் வண்டியைக் கொண்டு போனோம். தூக்கிப் போனது தனாவின் அதே இழுவை வண்டிதான். வாடகையில் ஒரு பைசா குறைக்கவில்லை அவன். அண்ணாச்சி முன் சீட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

காலை முழுக்க செல்வி தனியாக ஓட்டினாள். சூடு ஏறவில்லை, எண்ணெய் ஒழுகவில்லை, புகை இல்லை. டர்போ விசில் அடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் எங்களைக் கடந்து போனது. பக்கத்துக் கொட்டகையில் நின்ற பெரிய பெரிய வண்டிக்காரர்கள் வந்து, "யார் கட்டினது இது?" என்று கேட்டார்கள். "அதோ, ஹெல்மெட்டோட வருதே, அந்தப் பொண்ணு. கூட நானு" என்று சொன்னேன். 'கூட நானு' என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மதியத்துக்குப் பிறகு, பக்கத்து சீட்டில் ஒருவரை ஏற்றலாம் என்றார்கள். செல்வி என்னைக் கூப்பிட்டாள். நான் என் முழங்காலைக் காட்டினேன். உண்மையில் அன்றைக்கு முழங்கால் வலிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, நீங்க போங்க" என்றேன்.

"நானா? எனக்கு எதுக்கு வே இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டைக் கையில் வாங்கிவிட்டார். வேட்டியோடு ஏற்ற மாட்டோம் என்றார்கள். ட்ராக்கில் வேலை செய்கிற ஒருவரிடம் பேன்ட் கடன் வாங்கி, இடுப்பில் வேட்டியைக் கயிறு மாதிரி சுற்றிக் கட்டிக்கொண்டு ஏறினார். பெல்ட்டை நானே இறுக்கிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போவச் சொல்லும்" என்றார்.

போனார்கள். மெதுவாகப் போனாளா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து நின்றதும் கதவைத் திறந்தேன். அண்ணாச்சி இறங்கினார். பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்களைப் பிடித்துக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலைமுடி எல்லாம் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. செல்வி ஓடி வந்தாள்.

"அப்பா! என்னாச்சுப்பா? வாந்தி வருதா? தண்ணி குடுங்க நைனா. நான் வேகமாப் போய்ட்டேனா?"

அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். மூச்சு வாங்கி முடித்தார்.

"நாளையிலேருந்து நீ கடைக்கு வராண்டாம்" என்றார்.

அவள் முகம் செத்துப் போயிற்று.

"தீபாவளி யாவாரத்துக்கு மட்டும் வா, போதும். பில்லு நான் போட்டுக்கிடுதேன். நீ இதப் பாரு." இன்னொரு மூச்சு வாங்கிக்கொண்டார். "அது கெடக்கட்டும். அந்த ரெண்டாவது வளைவுல என்னத்துக்குட்டி பிரேக்க அமுக்குன? நீலக்கலரு வண்டி நம்மளத் தாண்டிட்டாம்லா!"